தடித்த மண்டையை வாசிப்பது எப்படி

கரியாலூரில் டைனோசர் எலும்பு தேடிப் பயனில்லை. கல்வராயன் மலை முழுக்க சார்னோகைட்டும் நைஸ் பாறையும்தான். பூமிக்கடியில் வெந்து இறுகி வந்த கல். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்தில் எலும்பு என்ற ஒன்றே உலகில் கிடையாது. கோடை விழாவுக்கு மலையேறி வரும் பிள்ளைகள் இதைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறார்கள். அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்படின்னா தலையால முட்டிக்கிற டைனோசர் எங்க சார் இருந்துச்சு? அது முட்டிக்கிச்சுன்னு யார் பார்த்தா?"

யாரும் பார்க்கவில்லை. பார்க்காத சண்டையை ஒரு மண்டையோட்டிலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் நடத்தை பற்றிய பேச்சு கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே அதைப் பேசியவர்கள் பலமுறை சறுக்கியிருக்கிறார்கள்.

முதல் வேலை பாறையைத் தேர்வது. கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, பெரம்பலூர் வழியாக அரியலூர் போனால் நிலத்தின் நிறமே மாறிவிடும். கிரெட்டேசியக் காலத்தில் கடல் ஏறி இறங்கிய இடம் அது. களிமண், மணற்கல், சிமென்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல், அவற்றுக்குள் கடல் உயிர்களின் எச்சம் என்று அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அதில் பெரும்பகுதி கடலடி வண்டல் என்பதால் டைனோசர் கிடைப்பது அபூர்வம். நிலத்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் இருக்கும் இடமே தேவை. கல்லமேடு அப்படிப்பட்ட இடம். மாட்லி என்ற ஆங்கிலேயர் 1929-லேயே அங்குள்ள டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதிவிட்டார். பாறையைப் பார்க்காமல் உருவத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் "டைனோசர் முட்டை" என்று செய்தி பரவியது. நிபுணர்கள் வந்து பார்த்தார்கள். அம்மோனைட் என்னும் கடல் உயிரியோடு சேர்ந்த வண்டல் உருண்டைகள் என்றார்கள்.

இடம் சரி என்றால் அடுத்தது எலும்பை எடுப்பது. கேட்க எளிது. மழை அரித்த ஓடைச் சரிவில் ஒரு துண்டு வெளியே தெரியும். அதை உடனே பிடுங்கக் கூடாது. சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் தள்ளி, எந்த அடுக்கில், எந்தத் திசையில் கிடக்கிறது என்று குறித்து, படம் எடுக்க வேண்டும். விரிசலில் பசையை ஊறவிட்டு, மேலே காகிதம் ஒட்டி, பாரிஸ் சாந்தில் நனைத்த சாக்குத் துணியைச் சுற்றி, காய்ந்த பிறகு மண்கட்டியோடு பெயர்க்க வேண்டும். அத்தனையும் செய்தாலும் கல்லமேட்டுக் களிமண் ஏமாற்றிவிடும். அங்கே எடுத்த புருகத்காயோசாரஸ் எலும்புகள் இதற்குச் சாட்சி. யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் இறுதியில் பெயரிட்ட விலங்கு அது. இரண்டு மீட்டர் நீளக் காலெலும்பு. சாந்துக் கட்டுக்குள்ளேயே நொறுங்கத் தொடங்கி, கடைசியில் எதுவும் மிஞ்சவில்லை. இன்று அது உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றா என்ற வாதம் பழைய படங்களையும் புகைப்படங்களையும் வைத்தே நடக்கிறது.

மூன்றாவது, தலை யாருடையது என்று தீர்மானிப்பது. ஆகப் பெரிய பிழைகள் எல்லாம் இங்கேதான் நேர்ந்திருக்கின்றன.

குவிமாடத் தலை உள்ளவற்றை பேக்கிசெபலோசார் என்கிறோம். கேடயமும் கொம்பும் கொண்டவை செரடாப்சியன். இரண்டும் தாவர உண்ணிகள், ஒரே மூதாதையின் இரு கிளைகள். மண்டையின் பின்விளிம்பு வெளியே நீண்டிருப்பது இரண்டுக்கும் பொது அடையாளம். செரடாப்சியனுக்கு மேல்வாயின் நுனியில் வேறெந்த விலங்குக்கும் இல்லாத ஒரு தனி எலும்பு உண்டு. கிளி மூக்கு போன்ற அலகு அதன்மேல்தான் அமைகிறது. டிரைசெரடாப்ஸின் தாடையில் ஒவ்வொரு பக்கமும் 36 முதல் 40 பல் வரிசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து பற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காத்திருக்கும். மேல் பல் தேய்ந்தால் கீழ்ப்பல் எழும். நார்ச்சத்து மிகுந்த இலைதழையை வெட்டித் தள்ள இந்த ஏற்பாடு. பேக்கிசெபலோசாரின் பற்களோ சின்னச் சின்ன இலை வடிவம். குவிமாடம் நெற்றியெலும்பும் உச்சியெலும்பும் ஒன்றாய் இணைந்து தடித்து உருவானது. பெரிய இனமான பேக்கிசெபலோசாரஸில் அந்தத் தடிப்பு 25 செ.மீ. வரை போகும். உள்ளே காற்றறை கிடையாது, கெட்டி எலும்பு. அதன் கீழே மூளைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது.

"உள்ளே கெட்டி" என்ற இந்தக் குறிப்பு ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு வழக்கே உண்டு. 1979-ல் சூஸ், தாக்கே என்ற இரு அறிஞர்கள் மடகாஸ்கரில் கிடைத்த மேடான மண்டைத் துண்டு ஒன்றுக்கு மஜுங்கதோலஸ் என்று பெயரிட்டு, தெற்குக் கண்டத்திலும் பேக்கிசெபலோசார் இருந்தது என்றார்கள். அன்று அது பெரிய செய்தி. வடக்கே ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் மட்டும் வாழ்ந்த கூட்டம் தெற்கே எப்படி வந்தது? 1990-களில் அதே பகுதியில் முழு மண்டையோடு கிடைத்தது. 1998-ல் முடிவு வெளியானது: அது பேக்கிசெபலோசார் அல்ல, மாமிசம் தின்னும் டைனோசர். இன்று அதை மஜுங்கசாரஸ் என்கிறோம். நெற்றியில் ஒற்றை மேடு, உள்ளே பொள்ளல். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டியிருந்தன. ஆகவே இந்தத் திருத்தம் நமக்கும் சேர்த்துத்தான்.

அதே 1979-ல் நம்மூரிலும் ஒன்று நடந்தது. அரியலூர்ப் பாறைகளில் கிடைத்த மண்டைத் துண்டையும் தகட்டெலும்புகளையும் வைத்து, யாதகிரியும் அய்யாசாமியும் திராவிடோசாரஸ் என்ற ஸ்டெகோசாரை அறிவித்தார்கள். முதுகில் தகடு வைத்த தாவர உண்ணி. திராவிட என்ற பெயரோடு. 1996-ல் சட்டர்ஜியும் ருத்ராவும் அந்த எலும்புகள் பிளீசியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவுடையவை என்றார்கள். இன்றுவரை ஒருமனதான தீர்ப்பு இல்லை. பள்ளிச் சுவரில் ஸ்டெகோசாரஸ் படம் வரைந்து "நம்ம ஊர் டைனோசர்" என்று எழுதுபவர்கள் இதையும் ஒரு வரி சேர்த்து எழுதலாம்.

தலை யாருடையது என்று தெரிந்தபின் வயதைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிப் போனால் ஒரு விலங்கு மூன்றாகிவிடும். மேடில்லாத தட்டைத் தலையும் முள்ளும் கொண்ட டிராகோரெக்ஸ், நீண்ட கொம்பு வைத்த ஸ்டிகிமோலோக், பெரிய மேடு வைத்த பேக்கிசெபலோசாரஸ் என்று மூன்று பெயர்கள் இருந்தன. (முதலாவதன் முழுப்பெயரில் ஹாரி பாட்டர் படித்த பள்ளியின் பெயர்கூட உண்டு.) 2009-ல் ஹார்னரும் குட்வினும் எலும்பை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, மூன்றும் ஒரே இனத்தின் இளம், வளரும், முதிர்ந்த நிலைகள் என்று வாதிட்டார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பில் ரத்தக் குழல் தடம் நிறைய இருக்கும். முதிர்ந்த எலும்பு இறுகிக் குழல் குறைந்துவிடும். மண்டைத் தையல்கள் திறந்திருக்கின்றனவா, மூடிவிட்டனவா என்பதும் வயதைச் சொல்லும்.

அதே சீவலில்தான் சண்டைக்கான முதல் சாட்சியத்தையும் தேடினார்கள். 1955-ல் கோல்பர்ட் என்ற அமெரிக்க அறிஞர் இந்தத் தலைகள் மோதுவதற்கு என்றார். 1970-71-ல் கால்டன் அதை விரித்து எழுதினார். குவிமாடத்துக்குள் தெரியும் கதிர்போன்ற இழைகள் அதிர்ச்சியைத் தாங்கும் என்பது ஒரு வாதம். 2004-ல் குட்வினும் ஹார்னரும் அந்த இழைகள் வளரும் பருவத்தில் மட்டும் இருந்து, முதிர்ந்ததும் மறைந்துவிடுகின்றன என்று காட்டினார்கள். சண்டை போடும் வயதில் இல்லாத ஒன்று சண்டைக்கு எப்படி உதவும்? நியாயமான கேள்வி. ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. 2011-ல் ஸ்னைவ்லியும் தியோடரும் ஸ்டெகோசெராஸ் என்ற சிறிய இனத்தின் மண்டையை சி.டி. ஸ்கேன் எடுத்து, இன்று வாழும் குளம்பு விலங்குகளோடு ஒப்பிட்டார்கள். வெளியே கெட்டி, நடுவே பஞ்சுபோன்ற அடுக்கு, மூளையைச் சுற்றி மீண்டும் கெட்டி. தலையால் முட்டும் ஆப்பிரிக்க டூய்க்கர் மானுக்கு இது நெருக்கமாக இருந்தது.

அடுத்தது காயம். என் பார்வையில் வலுவான சாட்சியம் இதுதான். ஏனென்றால் இந்தத் தலை என்ன செய்திருக்க முடியும் என்பதைவிட, அதற்கு என்ன நடந்தது என்பதைக் காயம் சொல்கிறது. 2013-ல் பீட்டர்சனும் கூட்டாளிகளும் 109 குவிமாடங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 22 சதவீதத்தில் குழி விழுந்த, கிருமி தொற்றி ஆறிய புண்களின் தடம் இருந்தது. தட்டைத் தலை உள்ளவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. செத்தபின் மண்ணில் கிடந்து அரித்த குழிக்கும் உயிரோடு இருந்தபோது பட்ட புண்ணுக்கும் வித்தியாசம் காண, குழியின் ஓரத்தைப் பார்ப்பார்கள். ஓரத்தில் புது எலும்பு வளர்ந்து மழுங்கியிருந்தால் விலங்கு அடிபட்டும் பிழைத்திருக்கிறது.

கேடயத் தலைக்கும் இதே முறைதான். 2009-ல் ஃபார்க்கியும் கூட்டாளிகளும் டிரைசெரடாப்ஸையும் சென்ட்ரோசாரஸையும் வைத்துப் பார்த்தார்கள். முன்னதன் கேடயத்துப் பக்க எலும்பில் காயத் தடம் தெளிவாக அதிகம். இரண்டு நீண்ட புருவக் கொம்புகள் எதிராளியின் கேடயத்தில் குத்தும் இடம் அது. சென்ட்ரோசாரஸுக்குப் பெரிய கொம்பு மூக்கில்தான். அந்த அளவு காயம் இல்லை. கேடயத்தின் வேலை தடுப்பு மட்டும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான இனங்களின் கேடயத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள். மங்கோலியாவின் புரோட்டோசெரடாப்ஸில் உடல் வளரும் வேகத்தைவிடக் கேடயம் வேகமாக வளர்ந்தது என்று 2021 ஆய்வு ஒன்று காட்டுகிறது. பார்ப்பவரை அசத்தும் உறுப்புகள்தான் பெரும்பாலும் அப்படி வளரும்.

உயிருள்ள விலங்கோடு ஒப்பிடுவது இதற்குப் பிறகுதான். இந்த ஒரு கட்டத்தில் கல்வராயன் மலைக்காரருக்கு ஆய்வகம் தேவையில்லை. செம்மறிக் கிடா பத்தடி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, நேராக ஓடிவந்து மோதும். வெள்ளாட்டுக் கிடா பின்னங்காலில் எழும்பி மேலிருந்து சாய்ந்து இடிக்கும். கொடைக்கானல் தெருவில் காட்டெருமையைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று தெரியும்: இரண்டு ஆண்கள் சந்தித்தால் பெரும்பாலும் பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டும், சிறியது விலகிப்போகும். முட்டும் விலங்குக்குள்ளேயே இத்தனை விதம். ஆகவே "குவிமாடம் இருக்கிறது, எனவே ஓடிவந்து மோதியது" என்று எழுதுவது சோம்பேறித்தனம். உருண்டையான இரண்டு உச்சிகள் நேருக்கு நேர் மோதினால் வழுக்கும் என்பதால், எதிராளியின் விலாவில் இடித்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். காயத் தடங்கள் முட்டியதை ஆதரிக்கின்றன. முட்டிய விதத்தைச் சொல்லவில்லை.

இந்தியாவில் இதுவரை குவிமாடத் தலையோ கேடயத் தலையோ நிரூபணமாகக் கிடைக்கவில்லை. கிரெட்டேசியத்தின் கடைசியில் நாம் தனித் தீவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். ஆனாலும் கல்லமேட்டில் கிடைத்த ஒற்றைப் பல் வடக்கே வாழ்ந்த ட்ரூடான் குடும்பத்தினுடையது என்று 2013-ல் அறிவித்தார்கள். ஆகவே இல்லவே இல்லை என்று கதவை அடைத்துவிட வேண்டாம்.

அரியலூர்ப் பக்கம் போகும் கல்வராயன் பிள்ளைகளுக்கும் அவர்களை அழைத்துப்போகும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓடைச் சரிவில் எலும்பு மாதிரி எதையாவது கண்டால் பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறியுங்கள். பிறகு வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.