லாரியின் கியர்பெட்டிக்கும் கோடை உண்டு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடிக்குச் சித்திரை வெயிலில் ஓடும் பார லாரிகளை நாம் அறிவோம். பெரும்பாலானவற்றில் ஓட்டுநரே கிளட்சை மிதித்துக் கியர் மாற்றுகிறார். சுரங்க டிப்பர், விமான நிலையத் தீயணைப்பு வண்டி போன்றவை பலவற்றில் அவ்வேலையைத் தானியங்கிக் கியர்பெட்டியே செய்கிறது. சென்னைக்கருகே ஒரகடத்தில் அமெரிக்காவின் அல்லிசன் நிறுவனம் இத்தகைய பெட்டிகளைத் தயாரிக்கிறது.

இதன் இதயம் 'டார்க் கன்வெர்ட்டர்' ஆகும். இதற்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர். எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழலவிட்டால், அக்காற்றில் மற்றதும் சுழலுமல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது வீணாகும் ஆற்றல் வெப்பமாகி எண்ணெயில் சேர்கிறது. ஆகவே பாரத்துடன் ஊர்ந்து செல்லும்போதுதான் சூடு அதிகம். வேகம் கூடியதும் 'லாக்-அப்' கிளட்சு இரண்டையும் பூட்டிவிடும், சூடும் தணியும்.

எண்ணெய் சுமார் 80 முதல் 95 பாகை செல்சியஸில் இருப்பது நலம். 120ஐத் தாண்டி நீடித்தால் எண்ணெய் கருகும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்சுத் தகடுகள் வழுக்கும். கருகல் நாற்றமே முதல் எச்சரிக்கை.

பல வண்டிகளில் இந்த எண்ணெயைக் குளிர்விப்பது ரேடியேட்டர் நீரே. நம் கரிசல் புழுதியும், சீமைக் கருவேல மூட்டத்துக் கரித்தூளும் ரேடியேட்டரின் இடுக்குகளை அடைத்துக்கொள்ளும்; தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். உள்ளே ஊற்றுவதோ உப்புக் கிணற்று நீராக இருக்கலாகாது. உப்புப் படிந்து குழாய் அடைபடும். கூலண்டும் காய்ச்சி வடித்த நீருமே உகந்தவை.

சூடேறிவிட்டதென்று எஞ்சினை உடனே அணைப்பதும் சரியன்று. எண்ணெயைச் சுழற்றும் பம்ப் எஞ்சினால் இயங்குவதல்லவா? நிழலில் நிறுத்தி, நியூட்ரலில் சில நிமிடம் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் எண்ணெய் தானே குளிரும்.