கடிதம் எழுதியவர் ஆசிரியர் அல்ல

தொடர் – 9

இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராலயம் கேன்டர்பரியில் இருக்கிறது. அதை ஒட்டியே கிங்ஸ் ஸ்கூல். அந்தப் பேராலயத்தின் நிழலில் படித்துக்கொண்டே, மாணவன் ஒருவன் தன்னைப் பௌத்தன் என்று அறிவித்தான். லண்டனில் இருந்த பௌத்த சபைக்குக் கடிதமும் எழுதினான். அதைப் படித்தவர்கள், யாரோ பள்ளி ஆசிரியர் எழுதியிருக்கிறார் என்று எண்ணி நேரில் வரச் சொன்னார்கள். வந்து நின்றவன் ஆலன் வாட்ஸ். 1915-ல் பிறந்தவன், மீசைகூடச் சரியாக முளைக்காத வயது.

பிரான்சிஸ் க்ரோஷா என்ற செல்வந்தர்தான் இதற்கு முதல் விதை போட்டவர். விடுமுறையில் ஆலனைப் பிரான்சுக்குக் கூட்டிப்போனார். தன் புத்தக அலமாரியையும் திறந்துவிட்டார். அதிலிருந்து கிடைத்த ஒரு சிறு பிரசுரத்தை எழுதியவர் கிறிஸ்மஸ் ஹம்ப்ரீஸ்.

ஹம்ப்ரீஸ் 1901-ல் பிறந்தவர். வழக்கறிஞர், நீதிபதியின் மகன். முதல் உலகப் போரில் அண்ணன் இறந்த துயரம்தான் அவரைப் பௌத்தத்தின் பக்கம் திருப்பியது. ஆலன் கடிதம் எழுதியது 1924-ல் அவர் தொடங்கிய சபைக்குத்தான். அது முதலில் நம் சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் கிளையாகத்தான் இருந்தது. பிறகு தனியே பிரிந்தது.

தன்னைவிடப் பதினான்கு வயது இளையவனை அவர் சீடனாக நடத்தவில்லை. பதினாறு வயதிலேயே சபையின் செயலாளர் ஆக்கினார். ஆக்ஸ்ஃபோர்டு உதவித்தொகை கைநழுவிப்போனதால், ஆலன் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. ஹம்ப்ரீஸ் வீட்டுக் கூட்டங்களும் புத்தகங்களும் விவாதங்களுமே கல்லூரியாயின. 1934-ல் சபையின் இதழுக்கு ஆசிரியரானான். ஜப்பானிய ஜென் பௌத்த அறிஞர் டி.டி.சுசூகியின் கட்டுரைகளில் ஊறி, 1936-ல் 'தி ஸ்பிரிட் ஆஃப் ஜென்' நூலை வெளியிட்டபோது வயது இருபத்தொன்று. அதே ஆண்டு லண்டனில் நடந்த உலக சமய மாநாட்டில் சுசூகியையே நேரில் சந்தித்தான். வயதைப் பார்த்துக் கதவைச் சாத்தாத ஒரு பெரியவர் கிடைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

ஹம்ப்ரீஸை மகானாக்கிவிடவும் கூடாது. பகலில் அவர் அரசுத் தரப்பு வழக்கறிஞர். 1955-ல் காதலனைச் சுட்டுக்கொன்ற ரூத் எல்லிஸின் வழக்கில், குறுக்கு விசாரணையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: சுட்டபோது உன் நோக்கம் என்ன? கொல்வதுதான் என்றார் அந்தப் பெண். பிரிட்டனில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட பெண் அவர்தான். கருணையைப் போதித்தவரும் அந்தக் கேள்வியைக் கேட்டவரும் ஒருவரே என்பதை எளிதில் செரிக்க முடியவில்லை. ஆனாலும் நீதிமன்ற வேலை போக மிஞ்சிய மாலைகளை அவர் இளைஞர்களுக்குக் கொடுத்தார் என்பதும் உண்மை.

அவரால் கொடுக்க முடியாத ஒன்றும் இருந்தது. அன்றைய லண்டனில் முறையான ஜென் குரு இல்லை. ஹம்ப்ரீஸ் அறிந்த ஜென்னும் பெரும்பாலும் படித்து அறிந்ததுதான். ஆலன் வாட்ஸ் பிற்காலத்தில் ஜென்னை மேற்குலகுக்கு விளக்கிச் சொன்னவர்களில் முதல் வரிசைக்கு வந்தார். மடத்தில் அமர்ந்து பயிலும் கடுமையான பயிற்சி மட்டும் அவர் வழியாகவில்லை. அதன் வேர் இந்த லண்டன் ஆண்டுகளில் இருக்கிறது என்றே தோன்றுகிறது.

1938-ல் எலினோர் எவரெட்டை மணந்து அவர் நியூயார்க் போனார். எலினோரின் தாய் ரூத், 1932-லேயே கியோட்டோவின் நான்சென்ஜி மடத்தில் தியானத்தில் அமர்ந்தவர். அவரைப் பற்றி அடுத்த வாரம்.