இருதயத்தைப் பகுக்கும் கலங்கள்

இருதயம் முழுவதும் நெஞ்சிலேயே உருவாவதன்று. கருவின் நான்காம் வாரமளவில், பிடரிப்புறத்து 'நரம்பு முகட்டி'லிருந்து சில கலங்கள் புறப்பட்டு இருதயத்தை அடைகின்றன. இருதயத்தினின்று வெளியேறும் ஒற்றைக் குழாயைப் பெருநாடி, நுரையீரல் நாடி என இரண்டாகப் பகுக்கும் சுவர் எழ அவையே துணைபுரிகின்றன. 1983இல் மார்கரெட் கேர்பி என்னும் அறிஞர் கோழி முளையத்தில் அக்கலங்களை நீக்கினார். குழாய் இரண்டாகப் பிரியவில்லை.

மனிதக் குழந்தைக்கும் இக்குறை நேர்வதுண்டு. நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலக்கும், பால் குடிக்கையில் மூச்சு வாங்கும், உதடு நீலிக்கும். வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும் இக்குறிகளைக் கண்டோர், கிரகணத்தையும் தாயையும் பழித்துக் காலம் போக்கலாகாது. பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிறவி இருதயக் குறைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. அங்கே விரைதல் வேண்டும்.