புற்றுநோய் வலியும் நோயாளியின் இலக்கும்

புற்றுநோய் வலியைத் தணிப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட நூல் பெரும்பாலும் மூன்று படிகள் கொண்ட மருந்து ஏணிக்காகவே நினைவுகூரப்படுகிறது. அந்நூல் சிகிச்சையின் இலக்குகளையும் மூன்றாகப் பகுத்திருப்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வலியின்றி உறங்கும் நேரத்தை மிகுவித்தல் முதலாவது. ஓய்வின்போது வலியைத் தணித்தல் அடுத்தது. நிற்கும்போதும் நடமாடும்போதும் தணித்தல் மூன்றாவது. இவ்வரிசை தற்செயலானதன்று. எலும்பில் புற்று பரவிய ஒருவர் படுத்திருக்கையில் நோவின்றி இருக்கக்கூடும். எழுந்து நான்கடி வைத்தவுடன் வலி பன்மடங்காகும். அந்நிலையில் மருந்து மட்டும் போதாமல் கதிர்வீச்சோ ஊன்றுகோலோ தேவைப்படலாம்.

வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணால் கேட்டறிவது இன்று மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். ஆயினும், நோயாளி 7 என்று கூறியதும் அதனை 0 ஆக்குவதே இலக்கு எனக் கொள்வது பொருந்தாது. மார்பின் வலியைத் தணிக்கும். தொடக்கத்தில் தூக்கக்கலக்கத்தையும் தொடர்ந்து மலச்சிக்கலையும் தரும். பேரக்குழந்தையோடு தெளிவாகப் பேச விரும்புபவர் 3 என்னும் அளவு வலியைப் பொறுத்துக்கொள்ள முன்வரலாம். இரவெல்லாம் உறங்கினால் போதும் என்பவர் பகற்சோர்வைப் பொருட்படுத்தாதிருக்கலாம். ஆகவே, 'எவ்வளவு வலிக்கிறது?' என்பதோடு, 'எந்த அளவுக்குக் குறைந்தால் உங்களால் சமாளிக்க முடியும்? அப்போது என்ன செய்ய விரும்புகிறீர்கள்?' என்ற வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். ஏற்கத்தக்க வாழ்க்கைத் தரத்துக்கு இடமளிக்கும் அளவிற்கு வலியைக் குறைத்தலே நோக்கம் என்று அந்நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன.

எண்ணுக்குப் பழகாத முதியோரிடம் சொல்லே அளவுகோலாகிறது. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல் என்று தமிழ் வலியை வகைப்படுத்தும் நுட்பம் மருத்துவருக்கும் பயன்படுவது. எரிச்சல், 'சுரீர் என இழுக்கிறது' என்பன நரம்பு சார்ந்த வலியைச் சுட்டக்கூடும். அதற்குத் துணைமருந்துகள் வேண்டியிருக்கும். (திருக்குறளின் 'வலியறிதல்' அதிகாரத்தில் வலி என்பது வலிமையே, வேதனையைக் குறிக்கும் வழக்கு இன்று ஓங்கி நிற்கிறது.) 'பரவாயில்லை' என்ற விடையோ எதையும் அளப்பதில்லை. மார்பினுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற அச்சமும், குடும்பத்தாருக்குச் சுமையாகக் கூடாதென்ற தயக்கமும் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கலாம். உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் ஆகிய நான்கையும் உள்ளடக்கிய 'முழு வலி' என்னும் சிசிலி சாண்டர்ஸின் கருத்தாக்கம் இங்கே பொருந்துகிறது.

இலக்கு வகுத்தபின் மருந்து கிட்டாவிடில் அது வெறும் குறிப்பாகவே எஞ்சும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வாய்வழி மார்பினைப் பெறுவதைக் கடினமாக்கியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் உரிம நடைமுறைகளை எளிதாக்கியபோதும், பெருநகரங்களுக்கு அப்பால் அம்மருந்தைத் தேடி அலைவோர் இன்றும் உள்ளனர்.