நோயாளியைக் காணுமுன் விற்கப்படும் சிகிச்சை



துணியையும் பாத்திரத்தையும் சலுகைச் சீட்டு கொடுத்துப் பாதி விலைக்கு விற்பதில் குற்றமில்லை. வாங்குபவர் பொருளைக் கண்ணால் கண்டு, தமக்குத் தேவையா என்பதைத் தாமே முடிவு செய்கிறார். ஆனால் சிகிச்சையைச் சீட்டில் விற்கலாமா?

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 2008ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குரூப்பான் நிறுவனம், இணையத்தின் வழியே சலுகைச் சீட்டுகளை விற்றுப் புகழ் பெற்றது. உணவகங்களோடு, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையாளர்களும், அக்குபங்சர் சிகிச்சையாளர்களும் இதில் சேர்ந்தனர். ஹிஜாமா செய்வோர் இவ்வழியை நாடினாலும் எழுவது இதே கேள்விதான்.

கணக்கைச் சற்றுப் பாருங்கள்

100 டாலர் சிகிச்சைக்கான சீட்டு 50 டாலருக்கு விற்கப்படுகிறது என்று கொள்வோம். அதில் பாதியைச் சீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டால் சிகிச்சையாளருக்கு எஞ்சுவது 25 டாலர் மட்டுமே. இந்த இழப்பை அவர் எவ்வாறு ஈடுசெய்வார்? வந்தவரை மீண்டும் மீண்டும் வரவழைக்க வேண்டும் என்ற ஆசை இங்கேதான் பிறக்கிறது. ஒரு முறை போதும் என்று சொல்ல வேண்டிய நாவு, பத்து முறை வாருங்கள் என்று சொல்லிவிடுகிறது.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. எலும்பு தேய்ந்து பலவீனமானவரின் முதுகை வேகமாக அழுத்தினால் எலும்பு முறியக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவருக்கு ஹிஜாமா செய்தால் இரத்தம் நிற்காமல் போகலாம். இவர்களிடம், "இது உங்களுக்கு ஏற்றதன்று" என்று மறுப்பதே சிகிச்சையாளரின் கடமை. பரிசோதனைக்கு முன்பே பணம் கைமாறிவிட்டால், அந்த மறுப்பைச் சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்?

சட்டம் கண்ட தீர்வு

நோயாளியை அனுப்பி வைப்பவருக்குத் தரகு கொடுப்பதைக் கலிபோர்னியா மாநிலச் சட்டம் தடை செய்கிறது. சீட்டு நிறுவனம் பெறும் பங்கு தரகா, விளம்பரக் கூலியா என்ற ஐயம் எழுந்தது. 2016இல் அங்கு நிறைவேறிய திருத்தம் அதற்கு விடை தந்தது. நிறுவனம் எந்தச் சிகிச்சையாளரையும் பரிந்துரைக்கக் கூடாது. பெறும் தொகை விளம்பரப் பணிக்குத் தக்கதாக இருக்க வேண்டும். சிகிச்சை பொருந்தாது என்று தெரிந்தால், சீட்டு வாங்கியவருக்கு முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இதனை விளம்பரத்திலேயே அறிவிக்கவும் வேண்டும்.

நாம் பெறும் படிப்பினை

நபி (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டு, அதனைச் செய்த அபூதைபா (ரலி) அவர்களுக்குக் கூலியும் கொடுத்தார்கள். ஆகவே உழைப்பிற்குக் கூலி பெறுவது இழிவன்று. அதேவேளை, மருத்துவம் அறியாதவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. கூலி ஹலாலாவதற்குப் பொறுப்பும் கூடவே வர வேண்டும்.

சிகிச்சை செய்யும் சகோதரர்களே! ஏழையின் நிலை கண்டு கட்டணத்தைக் குறையுங்கள்; அது தர்மம். கூட்டம் சேர்ப்பதற்காகக் குறைத்துவிட்டு, பின்னர் அதே நோயாளியிடம் ஈடுகட்டாதீர்கள். முதலில் பரிசோதியுங்கள். பொருந்தாவிடில், அவர் கேட்குமுன் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

வாசகர்களே! சீட்டு வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "என்னைப் பரிசோதித்த பிறகுதான் சிகிச்சை தொடங்குமா? பொருந்தாவிடில் என் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?" தெளிவான விடை கிடைக்காவிட்டால், சலுகை எத்தனை பெரிதாயினும் விலகிவிடுங்கள். உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். தள்ளுபடியைக் கண்டு அதனை எவரிடமும் ஒப்படைத்துவிடலாகாது.

நேர்மையோடு பொருளீட்டவும், விழிப்போடு வாழவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.