மணி ஓயாமல் அடித்தால்

திருநர் பிள்ளைகளுக்கான மருத்துவம் என்று யாராவது பேச்செடுத்தால், கேட்பவர்களின் மனக்கண்ணில் முதலில் வருவது ஆபரேஷன் தியேட்டர்தான். மேசையில் பத்து வயதுக் குழந்தை, பக்கத்தில் கத்தி. அந்தப் படத்தை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, உண்மையில் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

பத்து வயதுக் குழந்தை, உடம்பில் பருவ மாற்றம் இன்னும் தொடங்கவில்லை. “நான் பையன் இல்லை, பெண்” என்று அது எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், அந்த வயதில் எந்த மருந்தும் தருவதில்லை. பேசுவார்கள், கேட்பார்கள், பெற்றோரோடு உட்காருவார்கள். மருந்து என்ற பேச்சே பருவம் தொடங்கிய பிறகுதான் வருகிறது. அது என்ன மருந்து என்று புரிய, பருவம் எப்படித் தொடங்குகிறது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி தொங்குகிறது. மேலிருப்பது மணி அடிக்கும். கீழிருப்பது அதைக் கேட்டு வேலை செய்யும். ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன்தான் அந்த மணியோசை. அது இடைவிடாமல் வருவதில்லை. ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு சொட்டுப் போல வரும். ஒவ்வொரு முறையும் பிட்யூட்டரி விழித்து, விந்தகத்துக்கோ சூலகத்துக்கோ கட்டளை அனுப்பும். அங்கே சுரப்பதுதான் மீசையையும் மார்பையும் உடைந்த குரலையும் கொண்டுவருகிறது.

மணி ஓயாமல் அடித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில் என்பவரின் குழு குரங்குகளிடம் இதைப் பார்த்தது. முடிவுகள் 1978-இல் வெளிவந்தன. மணிக்கொரு முறை ஜிஎன்ஆர்எச் கொடுத்தபோது சுரப்பி ஒழுங்காக வேலை செய்தது. அதையே நிறுத்தாமல் செலுத்தியபோது அடங்கிப்போனது. மறுபடி விட்டுவிட்டுக் கொடுத்ததும் எழுந்துகொண்டது. ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மில் சத்தமே காதில் விழாமல் போகுமே, அப்படித்தான். பருவத்தைத் தள்ளிப்போடும் ஊசியின் சூட்சுமம் இவ்வளவுதான். லூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்ற மருந்துகள் அந்த மணியோசையின் நகல்கள். மாதக்கணக்கில் ஓயாமல் ஒலிப்பவை. முதல் சில நாள் சுரப்பி முன்னைவிட வேகமாக வேலை செய்யும், பிறகு காது மரத்துவிடும்.

இந்த ஊசி திருநர் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஆறு வயதிலேயே மார்பு வளரத் தொடங்கிவிடும் சிறுமிகளுக்கு 1980-களிலிருந்தே கொடுத்து வருகிறார்கள். 1990-களில் நெதர்லாந்தில், பெகி கோஹன்-கெட்டனிஸ் என்ற உளவியலாளர் இருந்த குழு இதை வேறொரு தேவைக்கு எடுத்துக்கொண்டது. தங்களிடம் வளர்ந்த பிறகு வந்தவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஒரு முறை உடைந்த குரலை எந்தப் பெண் ஹார்மோனாலும் திருப்ப முடியாது. வளர்ந்த மார்பை அகற்றக் கத்திதான் வேண்டும். பன்னிரண்டு வயதில் பருவத்தை நிறுத்தி வைத்தால், யோசிக்க நேரம் கிடைக்கும். பின்னாளில் சில அறுவைகளே தேவைப்படாமல் போகலாம் என்று எண்ணினார்கள். நாம் தொடக்கத்தில் இறக்கி வைத்த படத்தை இப்போது திரும்ப எடுத்துப் பாருங்கள். குழந்தையைக் கத்தியிடம் கொண்டுபோவதாக நாம் நினைக்கிற மருந்துக்கு, கத்தியைக் குறைப்பதும் ஒரு நோக்கம்.

ஊசி யாரையும் ஆணாகவோ பெண்ணாகவோ மாற்றுவதில்லை. அதற்கு ஈஸ்ட்ரோஜன் அல்லது டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். டச்சுக்காரர்கள் அதைப் பதினாறு வயதுக்குத் தள்ளி வைத்தார்கள். பிறப்புறுப்பு அறுவையைப் பதினெட்டுக்குப் பிறகுதான் செய்தார்கள். மார்பு அறுவை மட்டும் சில நாடுகளில் அதற்கு முன்பும் அரிதாக நடக்கிறது, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதற்காக இதை வெறும் ‘பாஸ்’ பட்டன் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. எலும்பு பெருமளவு கெட்டிப்படுவது பதின்வயதில்தான். ஊசி போட்ட காலத்தில் அந்த வேகம் குறைகிறது. அதனால்தான் கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எல்லாம். ஊசி தொடங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அடுத்த படியான ஹார்மோனுக்கும் போகிறார்கள். சரியான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்ததால் அப்படியா, ஊசியே அந்தப் பாதையில் நிறுத்திவிடுகிறதா என்று மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

இந்த வாதம்தான் நாடுகளைப் பிரித்திருக்கிறது. ஃபின்லாந்து 2020-இலும் சுவீடன் 2022-இலும் கெடுபிடி கூட்டின. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவர் ஹிலரி காஸ் 2024-இல் அளித்த அறிக்கை, ஆதாரங்கள் வலுவற்றவை என்றது. அந்த ஆண்டே அங்கே வழக்கமான சிகிச்சையாக ஊசி தருவது நின்றது. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு டென்னசி மாநிலம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2025-இல் செல்லும் என்றது. ஆதாரம் வலுவில்லை என்றால் தீங்கு நிரூபணமாகிவிட்டது என்று பொருளில்லை. நன்மை நிரூபணமாகிவிட்டது என்றும் பொருளில்லை. நல்ல ஆய்வு இன்னும் வேண்டும் என்றுதான் பொருள். ஆய்வு முடியும்வரை பிள்ளையின் பருவம் காத்திருக்காது. அதனால் சட்டசபையின் தடையைவிட, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்க்கும் பொறுமையான மருத்துவரையே நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்ட மருத்துவர் ஊசிக்கு முன் பேசியாக வேண்டியவற்றில் கடினமானது ஒன்று உண்டு. பருவத்தின் தொடக்கத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து நேராக ஹார்மோனுக்குப் போனால் விந்தோ சினைமுட்டையோ முதிராமலே போகலாம். ஆகவே, மீசைகூட அரும்பாத ஒரு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருக்க, “முப்பது வயதில் உனக்கு ஒரு குழந்தை வேணும்னு தோணினா?” என்று கேட்டுவிட்டு, அது யோசிக்கும்வரை அவர் காத்திருக்க வேண்டும்.