மஞ்சள் குஞ்சும் கறுத்தக் குஞ்சும்

துணுக்காயில் ஒரு ஊர்க்கோழி தன் குஞ்சுகளோடு வேலியோரம் கிளறிக்கொண்டு போகையில் சற்று நின்று பாருங்கள். ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறிய மஞ்சள், இரண்டின் முதுகில் அணில் கோடு, இன்னொன்றின் தலையில் மட்டும் வெள்ளைப் பொட்டு. எல்லாம் ஒரே அடையில் பொரித்தவை. பெட்டியில் வந்திறங்கும் புறொயிலர் குஞ்சுகளோ நூறும் ஒரே மஞ்சள். குஞ்சின் பஞ்சுமயிரில் அதன் பரம்பரையும் சில வேளை அதன் பாலும் எழுதியிருக்கிறது. வளர்ப்பவர் அதை வாசிக்கப் பழகினால் காசு மிஞ்சும்.

அணில் கோடுதான் மிகப் பழைய நிறம். வன்னிக் காட்டில் திரியும் காட்டுக்கோழியின் குஞ்சுக்கும் அது உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழியின் குஞ்சுக்கும் உண்டு. சருகுக்குள் பதுங்கினால் பருந்துக்குத் தெரியாது.

மஞ்சள் குஞ்சாய் வரும் புறொயிலர் வளர்ந்தால் வெள்ளை. அது எப்படி வெள்ளையானது? 1948இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ போட்டியில் வென்றது, சிவப்பு கோர்னிஷையும் நியூ ஹாம்சயரையும் கலந்த நிறக்கோழி. ஆனால் கறுத்த இறகின் முளைகள் உரித்த தோலில் கறையாகத் தெரிந்தன. வாங்குபவர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் இறைச்சிக் கோழி வெள்ளைக்கு மாற்றப்பட்டது. அந்தக் கோர்னிஷின் உடம்பில் ஓடுவது நமது துணைக்கண்டத்து அசில் சண்டைக்கோழியின் இரத்தமும்தான்.

வெள்ளையிலும் இரண்டு வகை. ஒன்று ஆட்சியுள்ள வெள்ளை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து கிடைத்தாலே கறுப்பை மூடிவிடும். இதற்குரிய பரம்பரையலகை சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள். மற்றது பின்னிடைவான வெள்ளை. இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். வளவில் தப்பி வளர்ந்த வெள்ளை புறொயிலர் பேட்டோடு சிவலைச் சேவல் சேர்ந்து, குஞ்செல்லாம் நிறத்தோடு பொரித்தால் அந்தப் பேட்டில் இருந்தது இரண்டாவது வகை. அக்குஞ்சுகளைத் தங்களுக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நாலில் ஒன்று மறுபடி வெள்ளை. நிறம் திரும்பி வரலாம், தாயின் வேகமான வளர்ச்சி அப்படியே வராது. புறொயிலர் பல தெரிவு வழிகளின் கலப்பு. வீட்டில் அடைவைத்து அதை நிலைநிறுத்த முடியாது.

எங்கள் பெண்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இனிச் சொல்லப்போவதுதான். 2009இல் போர் முடிந்தபின் மீள்குடியேறிய எத்தனையோ வளவுகளில் கோழிதான் கைச்செலவுக்கு முதல் வழி. சேவல் கறிக்கு, பேடு முட்டைக்கு. எது எதென்று பூ முளைக்கும்வரை காத்திருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே தீனி போட வேண்டியிருக்கிறது.

குஞ்சின் நிறத்தாலேயே அதை அறிய வழி உண்டு. கோழியில் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தமான ‘இசட்’ சேவலுக்கு இரண்டு, பேட்டுக்கு ஒன்றுதான். தாய் தன் ஒரேயொரு ‘இசட்’டை மகனுக்கு மட்டுமே கொடுக்கிறது, மகளுக்கு அது தகப்பனிடமிருந்து வருகிறது. குறுக்குவரி நிறம் இந்த ‘இசட்’டில் இருக்கிறது. ஒவ்வொரு இறகிலும் கறுப்பும் வெள்ளையுமாய் வரியோடும் பிளிமத் றொக் பேட்டோடு, வரியில்லாத கறுத்தச் சேவலை விட்டால், ஆண்குஞ்சுகள் தலையில் வெள்ளைப் பொட்டோடு பொரிக்கும். பெண்குஞ்சுகளின் தலை முழுக் கறுப்பு. வெள்ளி நிற லைற் சசெக்ஸ் பேட்டுக்குச் சிவப்பு றோட் ஐலண்ட் சேவல் என்றால், ஆண் வெளிர்மஞ்சள், பெண் செம்மண்ணிறம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் புனெற், பீஸ் இருவரும் 1920களின் இறுதியில் இதே வழியில் ஒரு படி மேலே போய், கலப்பே செய்யாமல் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சின் நிறமே பாலைச் சொல்லும் ‘கம்பார்’ இனத்தை உருவாக்கினார்கள்.

சோடியை மாற்றிவிடக் கூடாது. வரிச்சேவலைக் கறுத்தப் பேட்டோடு விட்டால் மகனுக்கும் மகளுக்கும் பொட்டு விழும், அடையாளம் போய்விடும். சேவல் அல்லது பேட்டின் உடம்பில் ஆட்சியுள்ள வெள்ளை இருந்தாலும் அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஊர்க்கோழிகளில் பலவகை இரத்தம் கலந்திருப்பதால், வரிபோலத் தெரியும் எல்லாமே உண்மையான வரியல்ல. இறகொன்றைப் பிடுங்கி வெயிலில் பார்த்தால் பட்டை பட்டையாய் நேராக ஓடுகிறதா என்று தெரியும்.

வரிப்பேடு ஒன்று வளவில் இருந்தால், கறுத்தச் சேவலோடு தனிக்கூட்டில் விடுங்கள். முன்பு இன்னொரு சேவலோடு திரிந்த பேடென்றால் முதல் இரண்டு மூன்று கிழமை முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துவிட்டு, பிறகு அடைவையுங்கள். இருபத்தொரு நாளில் குஞ்சு பொரித்துக் காய்ந்ததும், அன்றைக்கே தலையைப் பாருங்கள்.